கதவைத் திறந்த விசுவாசம்

பிரான்ஸின் மலைக்கிராமம் ஒன்று அகதிகளாகிய நமக்குச் சொல்வது

ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்களிற் பாரிஸ் புறநகர்த் தேவாலயங்கள் சிலவற்றைக் கடந்து செல்வோர், உள்ளிருந்து தமிழ்க் கீர்த்தனைகள் ஒலிப்பதைக் கேட்டிருப்பர். காலையிற் பிரெஞ்சு வழிபாடு நிறைவுற்றபின் அதே மண்டபம் நம்மவர்க்குச் சில மணி நேரம் கிடைக்கின்றது. உணவகங்களிற் கோப்பை கழுவுவோர், கட்டடங்களைத் துப்புரவு செய்வோர், வழக்கின் முடிவுக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருப்போர் எனப் பலரும் அங்கு கூடுகின்றனர். நாம் சைவக் குடும்பத்திற் பிறந்தோமாயினும், நண்பர்கள் அழைக்கும்போது அங்கு செல்வதுண்டு.

அவ்வாறு சென்ற ஒரு நாளில், வழிபாட்டின் பின் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் எம்மருகே வந்தமர்ந்தார். நாம் ஒரு காலத்திற் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்ததை அவர் அறிவார். அதனாலேயே அவ்வினாவை எம்மிடம் கேட்டார் போலும்.

“சேர், ஞாயிற்றுக்கிழமை இஞ்ச வந்து பாடுறம். திங்கட்கிழமை காலமை கோப்பை கழுவப் போறம். இந்த ரெண்டுக்கும் நடுவில என்ன தொடர்பு எண்டு எனக்கு இன்னும் விளங்கேல்லை.”

நாம் ஏதோ சொல்லி அன்று தப்பிக்கொண்டோம். ஆனால் வினா எம்முடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. நம்பிக்கை எதுவாயினும், அதனை அன்றாட வாழ்விற் கொண்டு செலுத்துவது எங்ஙனம் என்ற வினா அது. அதற்கு விடைதேட முற்பட்டபோது, நமக்குத் தஞ்சம் தந்த இந்நாட்டிலேயே ஒரு மலைக்கிராமம் அதற்கு விடையளித்திருப்பதை அறிந்தோம். அதனையே ஈண்டு வாசகர்கள் முன் வைக்கின்றோம்.

மலைமேல் ஒரு சிறுபான்மை

தென்-மத்திய பிரான்ஸில், ஓத்-லுவார் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,000 மீற்றர் உயரத்தில் அமைந்துள்ளது லு ஷம்போன்-சூர்-லிஞ்ஞோன் என்னும் ஊர். நீண்ட மாரிகாலம், வீட்டு வாசல்வரை பனியை வாரிக் குவிக்கும் வடகாற்று, உருளைக்கிழங்கும் மாடுகளுமே பெருஞ்செல்வமாயிருந்த சிறு விவசாயிகள். கத்தோலிக்கரே பெரும்பான்மையினராயிருந்த பிரான்ஸில், இவ்வூர் மக்களிற் பெரும்பாலோர் புரட்டஸ்தாந்துகளாயிருந்தனர். இவ்வொரு செய்தியிலேயே அவர்களது வரலாறு அடங்கியுள்ளது.

1598இல் நாந்து நகர்ச் சாசனம் பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்துகளுக்கு வழிபாட்டு உரிமையை வழங்கிற்று. 1685இல் பதினான்காம் லூயி மன்னன் அதனை இரத்துச் செய்தான். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர். பல்லாயிரவர் சுவிற்சர்லாந்துக்கும் ஒல்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் ஓடினர். ஓடாது தங்கியோர் காடுகளிலும் மலைகளிலும் இரகசியமாகக் கூடி வழிபட்டனர். மரி துராண் என்ற பெண், தன் மார்க்கத்தைக் கைவிட மறுத்தமையால், 1730 முதல் 1768 வரை 38 ஆண்டுகள் ஏக்-மோர்த் நகரின் கோபுரம் ஒன்றிற் சிறையிருந்தாள். அக்கோபுரத்துக் கல்லிற் செதுக்கப்பட்டுள்ள, ‘எதிர்த்து நில்’ எனப் பொருள்படும் ஒற்றைச் சொல் அவள் கைப்பட எழுந்ததென்று கூறுவர்.

இக்கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு, நள்ளிரவிற் கதவு தட்டப்படுவதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு சோடிச் சப்பாத்து

1940 ஜூன் மாதம் பிரான்ஸ் ஜேர்மனியிடம் வீழ்ந்தது. 22ஆம் திகதி கைச்சாத்தான உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, ஜேர்மனி கேட்கும் ஜேர்மானிய அகதிகளை ஒப்படைப்பதற்குப் பிரான்ஸைக் கட்டுப்படுத்திற்று. தஞ்சம் புகுந்தவனைத் துரத்தியவனிடமே திருப்பிக் கொடுப்பது என்பது அதன் நேர்ப்பொருள். மறுநாள் ஞாயிறு. ஷம்போன் தேவாலயத்தில் போதகர் அந்திரே ட்ரொக்மேயும் அவரது துணைவரான எதுவார் தெய்ஸும், மனச்சாட்சிக்கு விரோதமான கட்டளைகளுக்கு வன்முறையின்றி, ஆனால் அச்சமுமின்றி மறுப்புத் தெரிவிப்பதே கிறிஸ்தவனின் கடமை என எடுத்துரைத்தனர்.

பிரசங்கம் ஞாயிற்றுக்குரியது. அதற்கான பரீட்சை அவ்வாண்டு மாரியில், போதகரின் வீட்டு வாசலில் வந்து நின்றது. ஜேர்மனியிலிருந்து தப்பிவந்த யூதப் பெண் ஒருவர், பனியில் நனைந்து நடுங்கியவாறு கதவைத் தட்டினார். திறந்தவர் போதகரின் மனைவி மக்டா. உள்ளே வரலாமா என்று அப்பெண் கேட்க, ‘வாருங்கள்’ என்பதற்கு மேல் மக்டா எதனையும் ஆராயவில்லை. அடுப்பருகே இருத்தி உணவளித்தார். நனைந்த சப்பாத்துகள் காய்வதற்காக அடுப்பினுள் வைக்கப்பட்டன. கவனியாதிருந்த வேளையில் அவை கருகிப்போயின. யுத்த காலத்திற் சப்பாத்துக் கிடைப்பது எளிதன்று. வேறொரு சோடியைத் தேடி மக்டா ஊருக்குள் அலைய நேர்ந்தது.

அதனிலும் கடினமாயிருந்தது பத்திரம் தேடல். மக்டா நகரபிதாவிடம் சென்றார். ஓர் அந்நியப் பெண்ணுக்காக ஊர் முழுவதையும் ஆபத்துக்குள்ளாக்குவதா எனச் சினந்த அவர், மறுநாட் காலைக்குள் அப்பெண் வெளியேற வேண்டும் என்றார். பின்னர் மக்டா, அவ்வூரில் தங்கியிருந்த பிரெஞ்சு யூதப் பெண்மணி ஒருவரை நாடினார். தன் இனத்தவளுக்கு அவரேனும் உதவுவார் என்பது மக்டாவின் நம்பிக்கை. அவரோ, வெளிநாட்டு யூதர்கள் வந்து சேர்வதனாலேயே பிரெஞ்சு யூதர்களாகிய தமக்கும் துன்பம் வருகின்றதென்று கூறிக் கைவிரித்தார்.

வாசகர்களே, இவ்விடத்திற் சற்று நில்லுங்கள். முன்னர் வந்து வேரூன்றியோர், பின்னர் வருவோரை நோக்கிச் சொல்லும் இவ்வாசகத்தை நாம் எங்கேனும் கேட்டதில்லையா? “இப்ப வாறவையாலதான் எங்களுக்கும் கெட்ட பேர்” என்று நமது கடைத்தெருவிலேயே தமிழிற் கேட்டிருக்கின்றோமே!

மக்டா அப்பெண்ணை வேறோர் இடத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அவ்வாறு அனுப்பியது அவர் மனத்தை நீண்டகாலம் உறுத்திற்று. அதிகாரத்திடம் அனுமதி கேட்டுக் கதவைத் திறக்க முடியாது என்பதை அன்று அவர் கற்றுக்கொண்டார். அடுத்து வந்தோருக்காக எவரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை.

ஞாயிறும் திங்களும்

அதன் பின் நான்கு ஆண்டுகள் அம்மேட்டுநிலத்தில் நிகழ்ந்தவற்றைத் தொகுத்து நோக்கின், பெருஞ்செயல் என்று சுட்டத்தக்கவை சிலவே. எஞ்சியவை அனைத்தும் அன்றாட வீட்டு வேலைகளே.

ஒரு பண்ணை வீட்டில் மேலதிகமாக ஒரு கோப்பை சூப் வார்க்கப்பட்டது. மற்றொன்றில் வைக்கோற் பரணிற் படுக்கை விரிக்கப்பட்டது. 1938இல் ட்ரொக்மேயும் தெய்ஸும் தொடக்கிய பாடசாலையில், தடுப்பு முகாம்களிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு வாங்குகள் போடப்பட்டன. வேலை இழந்து வந்த யூத ஆசிரியர்களும் அங்கே கற்பித்தனர். குவேக்கர்கள், சுவிஸ் சிறுவர் உதவி நிறுவனத்தார், ‘சிமாத்’ அமைப்பினர் ஆகியோர் பிள்ளைகளுக்கும் குடும்பங்களுக்கும் விடுதிகள் நடத்தினர். புரட்டஸ்தாந்துகள் மட்டுமன்றிக் கத்தோலிக்கரும், மதநம்பிக்கை அற்றோரும் இப்பணியில் இணைந்தனர். பக்கத்து வீட்டில் ஒளிந்திருப்பவர் யாரென எவரும் கேட்பதில்லை, அறிந்தாலும் பேசுவதில்லை. ‘பழைய ஏற்பாட்டுப் பிரதிகள்’ இத்தனை வருகின்றன என்று ஒரு குறிப்பு வந்தால், அத்தனை யூதர்கள் வருகின்றனர் என்பது பொருள்.

1941இல், ஆட்சித் தலைவர் மார்ஷல் பெத்தேனின் படையணி விழாவுக்காக நாடெங்கும் தேவாலய மணிகளை ஒலிக்குமாறு கட்டளை பிறந்தது. ஷம்போன் தேவாலய மணிக்குப் பொறுப்பாயிருந்தவர் அமேலி என்னும் ஏழைப்பெண். மணியை அடிக்கும்படி வற்புறுத்த வந்த சீமாட்டிகளிடம், இம்மணி மார்ஷலுக்குரியதன்று, கடவுளுக்குரியது எனக் கூறி அவர் மறித்து நின்றார். இறையியல் எதுவும் கற்றிராத அப்பெண், தனது அன்றாட வேலையின் எல்லைக்குள்ளேயே தன் விசுவாசத்தைக் காத்தார். கோப்பை கழுவும் பெரியவரின் வினாவுக்கு இதுவும் ஒரு விடையென்றே எண்ணுகின்றோம்.

1942 ஜூலை 16, 17ஆம் திகதிகளிற் பாரிஸில் ஏறக்குறைய 13,000 யூதர்கள் பிரெஞ்சுப் பொலிஸாரால் வளைத்துப் பிடிக்கப்பட்டனர். அடுத்த மாதம் விஷி அரசின் இளைஞர் விவகாரப் பொறுப்பாளர் ஜோர்ஜ் லாமிரான் ஷம்போனுக்கு வந்தார். வரவேற்புக்குப் பதிலாக மாணவர்கள் அவரிடம் ஒரு கடிதத்தைக் கையளித்தனர். யூதர், யூதரல்லாதோர் என்று பேதம் பார்ப்பது நற்செய்திக்கு விரோதம் என்றும், தம் தோழர்களைக் கொண்டுசெல்ல ஆணை வரின் தாம் அவர்களை மறைப்போம் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. மறைவாகச் செய்வதை ஆட்சியாளரின் முகத்துக்கு நேரே முன்கூட்டியே அறிவித்த துணிவை என்னென்பது!

சில நாட்களிற் பொலிஸார் பஸ்களுடன் வந்திறங்கினர். யூதர்களின் பெயர்ப்பட்டியலைத் தருமாறு போதகரிடம் கேட்டனர். பெயர்கள் தமக்குத் தெரியாதென்றும், தெரிந்திருப்பினும் மேய்ப்பன் தன்னிடம் அடைக்கலம் புகுந்தோரைக் காட்டிக்கொடான் என்றும் ட்ரொக்மே பதிலிறுத்தார். பல நாட்கள் காடு, பண்ணை, நிலவறை எங்கும் தேடல் நடந்தது. வந்த பஸ்கள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின. பிடிபட்டு பஸ்ஸில் அமர்த்தப்பட்ட ஒருவருக்கு ஊரார் யன்னல் வழியே தின்பண்டங்களைக் கொடுத்துக்கொண்டிருந்தனர் என்பர்.

பொய்ப் பத்திரமும் மெய்க் கடவுளும்

நமது வாசகர்களிற் பலருக்கு நெருக்கமான ஒரு சிக்கல் இவ்வரலாற்றில் உண்டு. அது போலிப் பத்திரம். அடையாள அட்டையும் உணவுப் பங்கீட்டு அட்டையும் இன்றி எவரும் உயிர்வாழ முடியாத காலம் அது. யூதன் என்பதால் மருத்துவம் கற்க இடம் மறுக்கப்பட்ட ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்ற இளைஞர், அங்கே மறைந்திருந்து ஆயிரக்கணக்கிற் போலிப் பத்திரங்களைத் தயாரித்தார். போருக்குப் பின் அவர் மருத்துவரானார்.

பொய் சொல்லலாகாது என்பது கட்டளை. உயிரைக் காப்பதும் கட்டளை. இரண்டும் மோதும்போது யாது செய்வது? அவ்வூரார் போலிப் பத்திரங்களை வழங்கினர். ஆயினும் அதனை எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொய்யாகிய அவ்வுதவி மக்டாவின் மனத்தை வருத்திக்கொண்டேயிருந்தது. ட்ரொக்மே தாமே பின்னர் தலைமறைவாக வாழ நேர்ந்து, ‘பெகே’ என்ற பெயரிற் போலி அட்டை வைத்திருந்தார். லியோன் புகையிரத நிலையத்தில் ஒரு முறை பிடிபட்ட அவர், பெயரைக் கேட்டால் உண்மையையே சொல்வதெனத் தீர்மானித்திருந்தார். கேட்பதற்கு முன்னரே தம் மகனுடன் நழுவித் தப்பிவிட்டார்.

போலிக் கடவுச்சீட்டில் எல்லை கடந்து வந்த நம்மவருட் சிலர், அதன் பாரத்தை இன்னும் மனத்திற் சுமப்பதை நாம் அறிவோம். பாவமன்னிப்புக் கேட்கும் இடத்தில் அதைச் சொல்லி அழுதவர்களும் உளர். அவர்களுக்கு நாம் தீர்ப்பு வழங்க முடியாது. ஆனால் ஒன்றைச் சொல்லலாம். அந்தப் பாரத்தை உணர்வதே மனச்சாட்சி உயிரோடிருப்பதன் அடையாளம். ஷம்போன் மக்கள் பொய்யை நியாயப்படுத்தித் தம்மைத் தாமே பாராட்டிக்கொள்ளவில்லை. அதன் பாரத்தையும் சேர்த்தே சுமந்தனர்.

கொடுத்த விலை

1943 பெப்ரவரி 13ஆம் திகதி மாலை, ட்ரொக்மேயைக் கைதுசெய்ய இரு பொலிஸார் வந்தனர். அவர் வீட்டில் இல்லை, வந்தவர்கள் காத்திருந்தனர். அவர் வந்து சேர்ந்தபோது இராப்போசன வேளை. கணவனைக் கொண்டுசெல்ல வந்தவர்களையும் மக்டா உணவுக்கு அழைத்தார். பிற்காலத்தில் இதனைப் பலர் வியந்து கேட்டபோது, சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் இருப்பவர்களைச் சாப்பிட அழைப்பதில் வியப்பதற்கு என்ன உண்டு என்பதே அவரது போக்காயிருந்தது. செய்தி பரவி ஊரார் திரண்டனர். மீன்ரின், மெழுகுவர்த்தி எனக் கிடைத்தற்கரிய பொருள்கள் போதகரின் கையிற் சேர்ந்தன.

அவரோடு தெய்ஸும், பாடசாலை அதிபர் ரொஜே தார்சிசாக்கும் கைதாகி லிமோஜ் நகருக்கு அண்மையிலுள்ள முகாமொன்றில் அடைக்கப்பட்டனர். சில வாரங்களில் விடுதலைக்கு ஓர் ஒப்பந்தம் முன்வைக்கப்பட்டது: மார்ஷலின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாகக் கையொப்பமிட வேண்டும். இரு போதகர்களும் மறுத்தனர். மறுத்தும் விடுவிக்கப்பட்டனர்.

எல்லோருக்கும் அவ்வாறு வாய்க்கவில்லை. போதகரின் உறவினரான தானியேல் ட்ரொக்மே மாணவர் விடுதிப் பொறுப்பாளராயிருந்தார். 1943 ஜூன் 29ஆம் திகதி ஜேர்மன் பொலிஸார் விடுதியைச் சுற்றிவளைத்தபோது அவர் வேறிடத்திலிருந்தார், தப்பியோடியிருக்கலாம். தம் பிள்ளைகளை விட்டகலாது திரும்பி வந்தார். 18 மாணவர்களோடு கைதாகி, 1944 ஏப்ரலில் போலந்தின் மைதானெக் முகாமில் மாண்டார். ஊரின் மருத்துவர் ரொஜே லு ஃபோரெஸ்தியே 1944 ஆகஸ்டில் லியோனுக்கு அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

அம்மேட்டுநிலத்திற் காப்பாற்றப்பட்டோரின் தொகையை ஆய்வாளர்கள் பலவாறு மதிப்பிடுகின்றனர்; 3,000 முதல் 5,000 வரை சொல்லப்படுகின்றது. 1990இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நினைவகம் ஊர் முழுவதற்கும், சுற்றுக் கிராமங்களுக்கும் சேர்த்துக் கௌரவம் வழங்கிற்று. 1944இல் அங்கே யூதப் பெற்றோருக்குப் பிறந்த பியேர் சோவாஜ், 1989இல் வெளிவந்த தமது ஆவணப்படத்துக்காக முதிய விவசாயிகளை அணுகி, ஏன் இதைச் செய்தீர்கள் எனக் கேட்டார். அவர்களுக்கோ அவ்வினாவே விளங்கவில்லை. வந்தார்கள், இடம் கொடுத்தோம் என்பதற்கு மேல் அவர்களிடம் விளக்கம் இல்லை. நம்பிக்கை அன்றாட வழக்கமாகப் பழுத்துவிடும்போது, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை போலும்.

நமது தபாற்பெட்டி

வியன்னாவிலிருந்து தப்பி, 1943இல் பெற்றோருடன் ஷம்போன் வந்து சேர்ந்த எரிக் ஷ்வாம் என்ற சிறுவன், 2020 டிசெம்பரில் தமது 90ஆவது வயதிற் காலமானார். ஏறக்குறைய 20 இலட்சம் யூரோவை அவ்வூருக்கு எழுதிவைத்துச் சென்றிருந்தார். கல்விக்கும் இளையோருக்கும் அது பயன்பட வேண்டும் என்பது அவர் விருப்பம். முன்னர் நாம் குறிப்பிட்ட ‘சிமாத்’, 1939இல் புரட்டஸ்தாந்து இளைஞர் இயக்கங்களாற் போரினால் இடம்பெயர்ந்தோருக்காகத் தொடங்கப்பட்டது. அதே அமைப்பு இன்றும் இந்நாட்டிற் குடியேறிகளுக்கும் அகதிகளுக்கும் சட்ட உதவி வழங்குகின்றது. அதன் வாசலில் வரிசையில் நின்று மனு எழுதுவித்த நம்மவர்களும் இருக்கின்றனர். ஆக, அன்று அம்மலையில் திறந்த கதவின் ஒரு பாதி நமக்காகவும் திறந்தேயிருக்கின்றது.

கதவு திறப்பது நமக்கும் புதிதன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது எமக்கு 15 வயது. மழையில் நனைந்து கைதடியில் முன்பின் அறியாத ஒரு வீட்டின் முன் நின்றோம். ஏற்கெனவே ஆறு குடும்பங்கள் நிறைந்திருந்த அவ்வீட்டு அம்மா, “உள்ளுக்கு வாங்கோ, பிள்ளையள் நனையுது” என்று மட்டுமே சொன்னார். நெற்றியில் திருநீறு இருந்தது. கையிற் கஞ்சிப் பானை இருந்தது. நம்பிக்கைகளின் பெயர்கள் வேறாயிருக்கலாம். ‘உள்ளே வாருங்கள்’ என்ற சொல் ஒன்றே.

இத்தனையும் எழுதும் நாம் ஒன்றை மறைத்தல் தகாது. சென்ற மாரியில், வன்னியிலிருந்து வந்த இளைஞன் ஒருவன் எம் வாசலில் நின்றான். தனது வழக்குக் கடிதங்கள் வந்து சேர்வதற்கு ஒரு விலாசம் வேண்டும் என்றான். பணமோ, படுக்கையோ அவன் கேட்கவில்லை. தபாற்பெட்டியில் தன் பெயரை ஒட்ட இடம் கேட்டான். எமது வதிவிட அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கப்பட வேண்டிய காலம் அது. வீட்டுச் சொந்தக்காரர் என்ன சொல்வாரோ என்ற அச்சமும் இருந்தது. “நாளைக்கு வாங்கோ தம்பி, யோசிச்சுச் சொல்லுறன்” என்றோம். தலையசைத்துச் சென்றவன் மறுநாள் வரவில்லை. 1940 மாரியில் ஷம்போன் நகரபிதா சொன்னதை நாம் சற்றுப் பணிவான தமிழிற் சொன்னோம், வேறுபாடு அவ்வளவே.

பல வாரங்களின் பின்னர், தேவாலயத்தில் எம்மிடம் வினாத் தொடுத்த அப்பெரியவரின் வீட்டுக்குச் செல்ல நேர்ந்தது. கீழ்த்தளத்தில் அவரது தபாற்பெட்டியைத் தேடினோம். சிறு கடதாசித் துண்டுகளில் ஏழு பெயர்கள் ஒட்டப்பட்டிருந்தன. கடைசிப் பெயர் அந்த இளைஞனுடையது.

மேலே சென்றதும் அதுபற்றிக் கேட்டோம். “அது பெடியன் கடிதம் வராமல் நிண்டவன் சேர், அதுக்கென்ன” என்றுவிட்டு அவர் தேநீர் ஊற்றத் தொடங்கினார். ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் நடுவிலுள்ள தொடர்பைத் தாம் அறியேன் என்று சொன்ன மனிதர் அவர்!

நம்மிற் பலரிடம் இன்று வீடு உண்டு. வீட்டுக்குக் கதவும், கதவுக்கு அழைப்புமணியும், கீழே ஒரு தபாற்பெட்டியும் உண்டு. நாம் வந்திறங்கிய நாளில் இவற்றுள் எதுவும் நம்மிடம் இருக்கவில்லை. தேவாலயத்துக்குப் போவோரும் கோயிலுக்குப் போவோரும் எங்கும் போகாதோரும், அடுத்த முறை மணி ஒலிக்கும்போது இதனை நினைவிற் கொள்வோமாக. ‘நாளைக்கு வாங்கோ’ என்று சொல்லுமுன், அடுப்பிற் கருகிய அந்தச் சப்பாத்துகளையும், புதிய சோடி தேடிப் பனியில் நடந்த அப்பெண்ணையும் எண்ணிப் பார்ப்போமாக.